ஓகேடி இலவசம் என்றால் அதில் ஓடும் ரெட் ஹாட் இமேஜும் இலவசமா?

கேள்வி: தக்கலை வாசகர், 11 அக்டோபர் 2025, மாலை 6.12

அக்கா, ஒரு சந்தேகம். நாங்க நாலு பேரு சேர்ந்து சின்னதா ஒரு கம்பெனி நடத்துறோம். ரப்பர் ஷீட் எடுக்குற கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர். எங்க சர்வர்ல ஓகேடி போட்டிருக்கோம், கன்டெய்னர் ஓட்டுற மேடை, ரெட் ஹாட் விக்கிற ஓப்பன்ஷிஃப்டோட இலவச வடிவம், அது முழுக்க ஓப்பன் சோர்ஸ். ரெட் ஹாட் இமேஜ் (ஆப் ஓடத் தேவையானதெல்லாம் அடங்கின கன்டெய்னர் பொட்டலம்) மேல எங்க ஆப்பைக் கட்டி ஓட்டுறோம், சில கடைக்கு பென்டிரைவ்ல கொண்டுபோய் அவங்க மெஷின்லயும் போட்டுக் குடுக்குறோம். ரெட் ஹாட்டும் ஓப்பன் சோர்ஸ் கம்பெனிதானே? ஓப்பன் சோர்ஸ் மேல ஓப்பன் சோர்ஸ் ஓடுது, லைசென்ஸ் பத்தி எவனும் கேள்வி கேக்க முடியாதுன்னு நான் சொல்றேன். கூட இருக்கிறவன் பயப்படுறான். யாரு சொல்றது சரி?

11 அக்டோபர், இரவு 10.05

தம்பி, கூட இருக்கிறவர் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. நீ சொல்வதிலும் பாதி சரி.

"ரெட் ஹாட் இமேஜ்" என்று ஒரே பேரில் சொல்கிறாய். எந்த இமேஜ்? 2019 மே மாதம் ரெல் 8 (ரெல் என்பது ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ்) வந்தபோது யுனிவர்சல் பேஸ் இமேஜ் என்று ஒன்றைத் தனியாக வெளியிட்டார்கள். அதைச் சுருக்கித் தமிழில் எழுதினால் யூபிஐ என்று வரும், மீன் கடையில் ஸ்கேன் பண்ணும் யூபிஐயோடு குழம்பிவிடும். அதனால் இங்கே யுனிவர்சல் பேஸ் என்றே எழுதுகிறேன். ரெல்லில் உள்ள பேக்கேஜ்களில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, இதன் மேல் உன் ஆப்பைக் கட்டிக்கொள், யாருக்கு வேண்டுமானாலும் கொடு, சப்ஸ்கிரிப்ஷன் இல்லாத மெஷினிலும் ஓட்டு என்று தனி ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த இமேஜ் அது. ஓகேடி மேலும் ஓடலாம், உபுண்டு மேலும் ஓடலாம். ரெட் ஹாட்டின் சப்போர்ட் வேண்டுமென்றால் மட்டும் சப்ஸ்கிரிப்ஷன் உள்ள ரெல் மேலோ ஓப்பன்ஷிஃப்ட் மேலோ ஓட வேண்டும்.

அதற்கு முந்தைய ரெல் இமேஜ் வேறு. சப்ஸ்கிரிப்ஷன் உள்ள ஹோஸ்டில் ஓட்டுவதற்கென்று தந்தது அது. அதன் மேல் கட்டிப் பொது ரெஜிஸ்ட்ரியில், அதாவது இமேஜ்களை வைத்து இழுக்கும் கிடங்கில், ஏற்ற அனுமதி கிடையாது. மூன்றாவதாக, ஜேபாஸ் மாதிரி அவர்கள் விலைக்கு விற்கும் பொருள்களின் இமேஜ்கள் இருக்கின்றன. இந்த மூன்றையும் நாம் ஒரே பேரில் கூப்பிடுகிறோம். மூன்றுக்கும் காகிதம் வேறு வேறு.

ஒரு எளிய அடையாளம்: இழுக்கும்போது லாகின் கேட்காத ரெஜிஸ்ட்ரியிலிருந்து வந்தால் முதல் வகை, லாகின் கேட்டால் மற்ற இரண்டில் ஒன்று. உன் டாக்கர்ஃபைலின் (இமேஜை எப்படிக் கட்டுவது என்று வரி வரியாகச் சொல்லும் கோப்பு) முதல் வரியைப் பார்த்துச் சொல்.

12 அக்டோபர், காலை 7.30

பதில் பார்த்தேன். யுனிவர்சல் பேஸ் 8, லாகின் இல்லாமல் இழுத்தது, அதோடு "பில்லை பிடிஎஃப் ஆக்க லிப்ரே ஆபீஸ் மட்டும் டிஎன்எஃப்ல போட்டோம்" என்று எழுதியிருக்கிறாய். (டிஎன்எஃப் என்பது பேக்கேஜ் நிறுவும் கருவி.)

அந்த "மட்டும்" என்ற இடத்தில்தான் நானும் விழுந்தேன். நீ கேட்காவிட்டாலும் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பதினோரு வருஷம் குழித்துறையில் ரயிலேறிக் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குப் போய் வந்தவள். 2020-ல் ஊரோடு இருந்துவிட்டேன். நாகர்கோவிலில் ஐந்து பேர் கொண்ட குழு. ஒரே ஒரு ரெல் சப்ஸ்கிரிப்ஷன் வாங்கி அதைப் பில்டு மெஷினில் போட்டிருந்தோம். 2022-ல் இதே மாதிரி ஒரு பிடிஎஃப் வேலை, இதே லிப்ரே ஆபீஸ். பில்டு மெஷினில் ஒரு தடங்கலும் இல்லாமல் கட்டியது. அதே டாக்கர்ஃபைலை ஓகேடியில் கட்டினால், அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்கிறது. இரண்டு நாள் நெட்வொர்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

காரணம் இதுதான். சப்ஸ்கிரிப்ஷன் உள்ள ரெல் மெஷினில் போட்மேன் என்ற இமேஜ் கட்டும் கருவி கொண்டு பில்டு செய்தால், அந்த மெஷினின் சப்ஸ்கிரிப்ஷன் சான்றிதழ்கள் யாரும் கேட்காமலே கன்டெய்னருக்குள்ளும் தெரியும். உள்ளே ஓடும் டிஎன்எஃப் யுனிவர்சல் பேஸின் இலவச ரெப்போவை (பேக்கேஜ் கிடங்கு) தாண்டி முழு ரெல் ரெப்போவிலிருந்தும் பேக்கேஜ் எடுத்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. லிப்ரே ஆபீஸ் யுனிவர்சல் பேஸ் ரெப்போவில் கிடையாது, ரெல் ரெப்போவில் உண்டு. ஓகேடி நோடுகளில், அதாவது அது ஓடும் மெஷின்களில், சப்ஸ்கிரிப்ஷன் இல்லை, அதனால் அங்கே கிடைக்கவில்லை. பில்டு மெஷினில் கட்டிய இமேஜ் அந்த ஒரு வரியோடு யுனிவர்சல் பேஸ் ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. அதன் பிறகு அது யாருக்கும் கொடுக்கக்கூடிய இமேஜ் இல்லை.

உன் பில்டு எங்கே நடக்கிறது? ரெல் மெஷினிலா, ஓகேடியிலா? இதைச் சொல் முதலில். ரெல் என்றால் அந்தப் பேக்கேஜை எடுத்துவிட்டால் போதும், மறுபடி பழைய நிலை.

12 அக்டோபர், காலை 7.48

விட்டுப்போனது. சோதிக்கும் வழி: ஓடும் கன்டெய்னருக்குள் போய் டிஎன்எஃப்பில் நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலை எடு. கடைசி நெடுவரிசையில் எந்த ரெப்போவிலிருந்து வந்தது என்று இருக்கும். யூபிஐ என்று தொடங்கினால் நல்லது. ரெல் என்று தொடங்கும் பெயர் ஒன்று இருந்தாலும் நின்று பார்க்க வேண்டும். டிஎன்எஃப் வரலாற்றை யாராவது துடைத்திருந்தால் வெறும் சிஸ்டம் என்று காட்டும், அப்போது பில்டு லாகைத்தான் தேட வேண்டும்.

12 அக்டோபர், மாலை 5.20

காலையில் எழுதியதில் ஒரு தப்பு. மதியம் ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னது சரி. "பேக்கேஜை எடுத்துவிட்டால் போதும்" என்று எழுதினேன். எடுக்கும் வரியை டாக்கர்ஃபைலின் கடைசியில் போட்டால் போதாது. இமேஜ் என்பது அடுக்குகள். மேல் அடுக்கில் அழித்தால், அழிந்தது என்று ஒரு குறிப்பு மட்டும் மேலே விழும். கீழ் அடுக்கில் பொருள் அப்படியே கிடக்கும், இமேஜை இழுக்கிறவர் கைக்கு அதுவும் சேர்ந்தே போகும். அந்த வரியே இல்லாமல் முதலிலிருந்து கட்ட வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய டேக்கையும் (இமேஜின் பதிப்புப் பெயர்) நீக்க வேண்டும். நீ பென்டிரைவில் கொடுத்தவை கடைகளில் இருக்குமே, அதையும் யோசி.

இந்த அடுக்கு விஷயம் எனக்குத் தெரியாததும் இல்லை. தெரிந்தும் காலை அவசரத்தில் எழுதினேன். இதனால் எனக்கு நடந்ததை இன்னும் சொல்லவில்லை, நாளை மறுநாள் எழுதுகிறேன்.

14 அக்டோபர், இரவு 9.15

ஓகேடியில் லிப்ரே ஆபீஸ் கிடைக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? எங்கள் குழுவில் ஒரு பையன், நல்ல கெட்டிக்காரன், ரெல் மெஷினிலிருந்த சப்ஸ்கிரிப்ஷன் சான்றிதழையும் அதன் சாவிக் கோப்பையும் எடுத்து, பில்டுக்குள் காப்பி பண்ணி, பேக்கேஜை நிறுவி, அடுத்த வரியில் இரண்டையும் அழித்துவிட்டான். பில்டு பச்சை காட்டியது. "அக்கா, சரியாச்சு பாத்தியளா" என்றான். நானும் டாக்கர்ஃபைலைப் பார்த்தேன். அழிக்கும் வரி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அந்த இமேஜ் பொது ரெஜிஸ்ட்ரியில் ஐந்து மாதம் கிடந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் ஆடிட்டர் இமேஜுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டார். அதை எடுக்க அடுக்கடுக்காகப் பிரித்தபோது கீழ் அடுக்கில் எங்கள் சாவி. யார் வேண்டுமானாலும் இழுத்து, எங்கள் பெயரில் ரெல் பேக்கேஜ் எடுத்திருக்கலாம். ஒரு மெஷினுக்கு வாங்கிய சப்ஸ்கிரிப்ஷனை, வாங்காத மெஷின்களுக்கு நாங்களே ஊருக்குத் திறந்து வைத்திருந்தோம். ரெட் ஹாட் ஒப்பந்தம் இந்த இடத்தில் கறாரானது: பணம் கட்டாத மெஷின்களுக்கு சப்ஸ்கிரிப்ஷனின் பலனைக் கொண்டுபோவது ஒப்பந்த மீறல். உள்ளே இருக்கும் மென்பொருள் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் உள்ளதா வேறா என்பது அங்கே பேச்சே இல்லை.

அன்று இரவே அந்த மெஷினைக் கணக்கிலிருந்து பதிவு நீக்கினோம், பழைய சான்றிதழ் செத்தது. இமேஜை நீக்கினோம். மூன்று வாடிக்கையாளர்களுக்கும் நானே போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். ஒருவர் கோபப்பட்டார். ஒருவர் "நீங்களா சொன்னது நல்லது" என்றார். மூன்றாமவருக்கு அது என்னவென்று விளங்கவைக்க அரை மணி நேரம் ஆனது, அவருக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். அவரிடம் விளக்கும்போதுதான் எனக்கே முழுசாக விளங்கியது.

சான்றிதழ் தேவையான பில்டு என்றால், பில்டு நேரத்துக்கு மட்டும் ரகசியமாக மவுண்ட் பண்ணும் வசதி போட்மேனிலும் டாக்கரிலும் உண்டு. அடுக்கில் தங்காது. ஆனால் அது சாவியைத்தான் காப்பாற்றும். அப்படி எடுத்த ரெல் பேக்கேஜ் இமேஜில் இருப்பது இருப்பதுதான்.

14 அக்டோபர், இரவு 9.32

பையனைத் திட்டினீர்களா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. ரிவ்யூ பண்ணியது நான்.

16 அக்டோபர், காலை 6.50

முதல் நாள் எழுதிய லாகின் அடையாளத்தை யாரும் நம்ப வேண்டாம். திரும்பப் பெறுகிறேன். யுனிவர்சல் பேஸ் இமேஜ்கள் லாகின் கேட்கும் ரெஜிஸ்ட்ரியிலும் இருக்கின்றன. லாகின் கேட்காத பழைய ரெஜிஸ்ட்ரியில் ரெல் 7 இமேஜும் சில விற்பனைப் பொருள்களும் கூடக் கிடந்திருக்கின்றன. எந்த வாசல் வழியாக வந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சரியான இடம் இமேஜின் லேபிள்கள். ஸ்கோபியோ அல்லது போட்மேனில் இன்ஸ்பெக்ட் பண்ணினால் ரெட் ஹாட் இமேஜ்களில் லைசென்ஸ் டெர்ம்ஸ் என்று ஒரு லேபிள் இருக்கும், எந்த ஒப்பந்தம் என்று இணைய முகவரியோடு. யுனிவர்சல் பேஸ் என்றால் அந்த முகவரியின் வாலில் யூபிஐ என்று இருக்கும். ஆனால் நீ மேலே ரெல் பேக்கேஜ் ஏற்றினாலும் அந்த லேபிள் மாறாது. அடித்தளத்தைப் பற்றித்தான் அது பேசுகிறது. எங்கள் கெட்டுப்போன இமேஜிலும் லேபிள் சுத்தமாகத்தான் இருந்தது.

16 அக்டோபர், இரவு 10.40

இன்று மூன்று பேர் ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டிருக்கிறார்கள். லிப்ரே ஆபீஸ் மோசில்லா லைசென்ஸில் உள்ள சுதந்திர மென்பொருள். யாரும் காப்பி எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். அப்புறம் ரெட் ஹாட் எப்படித் தடுக்க முடியும்?

நல்ல கேள்வி. நானும் இதில் பல நாள் சுற்றியிருக்கிறேன். ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்பு, 1991-ல் வந்தது, அதன் ஆறாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வாங்குபவரின் உரிமைகள் மேல் கூடுதல் தடை போடக் கூடாது. லினக்ஸ் கெர்னல் இன்றும் அந்தப் பதிப்பில்தான் இருக்கிறது. ஆக, ஒரு ஜிபிஎல் நிரலின் பதிப்புரிமை விஷயத்தில் உனக்கு இருக்கும் உரிமையை யாரும் பிடுங்க முடியாது.

சப்ஸ்கிரிப்ஷன் வேறு வகைக் காகிதம். அது அந்த ரெப்போவுக்குள் நுழைய, அப்டேட் பெற, உதவி கேட்க நீ போடும் ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போட்டவர் அதன் நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும், மீறினால் கணக்கை மூடலாம். மூன்றாவது காகிதம் வணிகச் சின்னம். ரெட் ஹாட் பெயரையும் தொப்பியையும் உன் இமேஜில் ஒட்டி விற்க எந்த ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸும் அனுமதி தராது. இந்த மூன்றில் முதல் காகிதத்தை மட்டும் படித்துவிட்டு "ஓப்பன் சோர்ஸ்தானே" என்கிறோம்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2023 ஜூனில் ரெல்லின் மூலநிரலைப் பொதுவில், ரெல்லுக்கு முன்னோட்டமான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் வழியாக மட்டும் தருவோம் என்றார்கள். சட்டப்படி செய்யலாம், செய்தார்கள். ஆனால் ரெல்லின் இலவச நகலாக இருந்த சென்ட்ஓஎஸ்ஸை நம்பிப் படித்து வேலைக்கு வந்த தலைமுறை எங்களுடையது. 2020 டிசம்பரில், சென்ட்ஓஎஸ் 8 அடுத்த வருஷக் கடைசியோடு முடிகிறது என்ற செய்தி வந்த அன்று நான் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். போனில் படித்துவிட்டு, ஏற வேண்டிய பஸ்ஸை விட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதற்காக, படிக்காத ஒப்பந்தத்தை மீறலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

17 அக்டோபர், மதியம் 1.10

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்: "தனி ஆளுக்கு 16 மெஷின் இலவசமாமே, அதை எடுத்துக் கம்பெனியில் போடலாமா?"

அது 2021 பிப்ரவரியில் வந்த டெவலப்பர் சப்ஸ்கிரிப்ஷன். 16 மெஷின் வரை, புரொடக்ஷனுக்கும், அதாவது நிஜ வேலைக்கும், உண்டு. ஆனால் தனி ஆளுக்கு, அவருடைய சொந்த உபயோகத்துக்கு. நாலு பேர் கம்பெனியில் நாலு பேரும் ஆளுக்கொன்று எடுத்து 64 மெஷின் ஓட்டலாம் என்று கணக்குப் போட வேண்டாம். கம்பெனிகளுக்கென்று 2025 ஜூலையில் இன்னொன்று அறிவித்தார்கள், 25 மெஷின் வரை. அது எழுதிப் பார்க்கவும் சோதிக்கவும் மட்டும். வாடிக்கையாளர் பில் அடிக்கும் மெஷினுக்கு ஆகாது.

19 அக்டோபர், மாலை 4.00

நாளை தீபாவளி. முறுக்குச் சுடும் நடுவில் எழுதுகிறேன், சுருக்கமாக இருக்கும்.

தக்கலைத் தம்பி டாக்கர்ஃபைலை எனக்கு அனுப்பினார். ரெல் மெஷின் இல்லை, வேறு ஒருவர் கொடுத்த சான்றிதழ் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசிவிட்டேன். நான் இங்கே சொல்ல வந்தது இன்னொரு வரி. "லதா ஃபான்ட் காப்பி". அலுவலக விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து லதா எழுத்துருவை எடுத்து இமேஜுக்குள் வைத்திருக்கிறார்கள், பில்லில் தமிழ் கட்டம் கட்டமாக வராமல் இருக்க.

இதை நான் எத்தனை இமேஜில் பார்த்திருக்கிறேன்! பேக்கேஜ் பட்டியலில் வராது, எந்த ஸ்கேனரும் பெரும்பாலும் சொல்லாது. விண்டோஸோடு வரும் எழுத்துருக்களை அந்த மெஷினில் பயன்படுத்தலாம், வேறு பொருளோடு சேர்த்துப் பிறருக்குக் கொடுக்க உரிமை கிடையாது. பென்டிரைவில் ரப்பர் கடைக்குப் போன ஒவ்வொரு இமேஜிலும் லதாவும் போயிருக்கிறது. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது, லோகித் தமிழ் இருக்கிறது, இரண்டும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில். லோகித்தை வெளியிட்டதே ரெட் ஹாட்தான், 2004-ல். வரி உயரம் கொஞ்சம் மாறும், பில் டெம்ப்ளேட்டைச் சரிபண்ண ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கத்தான் வேண்டும்.

எண்ணெய் காய்ந்துவிட்டது, பிறகு வருகிறேன்.

23 அக்டோபர், இரவு 8.30

மழை. கரண்டு வந்து வந்து போகிறது.

மார்த்தாண்டம்காரர் அடுத்த கேள்வி: மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் கன்டெய்னரை ஓகேடியில் ஓட்டுகிறார். "மைக்ரோசாஃப்டே இமேஜைப் பொதுவில் வைத்திருக்கிறது, லாகின்கூட இல்லை." அந்த இமேஜ் தொடங்க வேண்டுமென்றால் ஒப்பந்தத்தை ஏற்கிறேன் என்று ஒரு மாறிக்கு ஒய் என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் ஓடும். அந்த மதிப்பு இருக்கும் யாமல் கோப்பை (அமைப்புக் கோப்பு) எழுதியது யார் என்று கேட்டேன். ஆறு மாதம் முன்பு இருந்த ஒரு டிரெய்னி, இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். கம்பெனி சார்பில் ஒப்பந்தத்தை ஏற்றவர் அந்தப் பிள்ளை. பதிப்பு எது என்று தனியாகச் சொல்லாவிட்டால் டெவலப்பர் பதிப்பு ஓடும். அதில் எல்லா வசதியும் இருக்கும், காசு கிடையாது, புரொடக்ஷனுக்கு ஓட்ட அனுமதியும் கிடையாது. அவர் அதில்தான் இரண்டு கிளினிக்கின் பில்லை ஓட்டிக்கொண்டிருந்தார். எக்ஸ்பிரஸ் பதிப்பு என்று மாற்றினால் இலவசமாகவே புரொடக்ஷனில் ஓடலாம், 2022 வரையான பதிப்புகளில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி உச்சவரம்பு. அவருடையது 3 ஜிபிதான். மாற்றும் முன் பேக்கப் எடுத்து, தனி மெஷினில் எக்ஸ்பிரஸில் ஏற்றிச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஏற்கிறேன் என்ற வரி எந்தக் கோப்பில் வந்தாலும், அதற்கு மேலே யார் படித்தார், என்று படித்தார், எந்தப் பதிப்பு என்று தமிழில் ஒரு கமென்ட். படிக்காமல் அந்தக் கமென்ட் எழுத யாருக்கும் கை வராது.

23 அக்டோபர், இரவு 9.05

கரண்டு போனதில் பாதியில் நின்றது. இதோடு சேர்ந்தது இன்னொன்று: லேட்டஸ்ட் என்ற டேக். பதிப்பு மாறும் என்று எல்லாருக்கும் தெரியும். லைசென்ஸும் மாறும். ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் 7.2 வரை பிஎஸ்டி என்ற தாராளமான லைசென்ஸ். 2024 மார்ச்சில் அறிவித்து 7.4 முதல் வேறு நிபந்தனை, 2025 மே மாதம் ரெடிஸ் 8-ல் ஏஜிபிஎல்லும் (இணையம் வழி ஓட்டுவதற்கும் பொருந்தும் ஜிபிஎல் வகை) ஒரு தேர்வாகச் சேர்ந்தது. நடுவில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் பழைய ரெடிஸை வால்கீ என்று பிரித்து எடுத்தார்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளும் 2021-ல் 7.11 பதிப்பில் இதே மாதிரி. டேக்கை எண்ணில் கட்டிவைக்காதவர்களுக்கு ஒரு ராத்திரி ரீஸ்டார்ட்டில் லைசென்ஸ் மாறியிருக்கும், யாரும் எதிலும் கையெழுத்துப் போடாமலே. பிட்னாமியின் ஆயத்த இமேஜ்களை நம்பியிருந்தவர்கள் 2025-ல் பட்டதைப் பார்த்தோம், பழைய இமேஜ்கள் லெகசி என்ற இடத்துக்குப் போய்விட்டன.

1 நவம்பர், காலை 9.00

ஓகேடி பற்றி இன்னும் நேராகப் பேசவில்லை என்று தக்கலைத் தம்பி நினைவூட்டினார்.

ஓகேடி நிறுவும்போது புல் சீக்ரெட் (இமேஜ் இழுக்க அனுமதி தரும் சாவி) கேட்கும். ரெட் ஹாட் கணக்கு இல்லாவிட்டால் ஒரு பொய் மதிப்பைக் கொடுத்தாலும் போதும், ஓகேடிக்கு வேண்டியதெல்லாம் பொதுவில் கிடைக்கும். அங்கே ரெட் ஹாட் கணக்கின் உண்மையான புல் சீக்ரெட்டைக் கொடுத்தால் ரெட் ஹாட் ஆபரேட்டர் (மேடையில் மென்பொருளை நிறுவி நிர்வகிக்கும் நிரல்) இமேஜ்களையும் அது இழுத்துவிடும். 2021-ல் எங்கள் லேபில் அப்படிச் செய்தேன். ஆபரேட்டர்கள் ஓடின. ஓடியது என்பதாலேயே ஓட்டலாம் என்று எடுத்துக்கொண்டேன். அவை ஓப்பன்ஷிஃப்ட் சப்ஸ்கிரிப்ஷனோடு சேர்ந்த பொருள்கள். ஓப்பன்ஷிஃப்டைச் சோதிக்க 60 நாள் இலவசம் தருகிறார்கள், அதற்கு மேல் புரொடக்ஷனில் வைப்பதற்குச் சப்ஸ்கிரிப்ஷன் வேண்டும். கீழே ஓகேடி ஓடுவதால் அந்த நிபந்தனை கரைந்துபோகாது. ஓகேடிக்குக் கம்யூனிட்டி ஆபரேட்டர்கள் என்று தனிப் பட்டியல் இருக்கிறது, பெரும்பாலான வேலைக்கு அது போதும். பொய் சீக்ரெட்டோடு நிறுவுவதையே நான் இப்போது விரும்புகிறேன். தெரியாமல் ஒன்றை இழுக்க வழியே இருக்காது.

இன்று நவம்பர் 1 என்பதால் ஒன்று ஞாபகம் வருகிறது. 1956-ல் இதே நாளில் நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் தாத்தாவிடம் அதற்கு முன் மலையாளத்தில் எழுதிய ஒத்திச் சீட்டு ஒன்று இருந்தது. தென்னந்தோப்பை ஒத்திக்கு எடுத்தவர். தேங்காய் எடுக்கலாம், மரத்தை வெட்டக் கூடாது. மாநிலம் மாறியதும் தம்பிமார் இனி அந்தச் சீட்டு செல்லாது, இரண்டு மரத்தை வெட்டுவோம் என்றார்களாம். தாத்தா சீட்டை எடுத்துத் திண்ணையில் போட்டு, "இதுல எந்த சர்க்காருன்னு எழுதலல்லா, எந்தத் தோப்புன்னுல்லா எழுதிருக்கு" என்றாராம். ஓகேடியா ஓப்பன்ஷிஃப்டா என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணில் வருகிறது. இமேஜின் காகிதம் இமேஜோடு போகிறது.

1 நவம்பர், மாலை 6.25

ஒருவர் எழுதியிருக்கிறார்: ஒத்தி உவமை பொருந்தாது, ஜிபிஎல் நிரலை மாற்றவும் உரிமை உண்டு, தோப்பை ஒத்திக்கு எடுத்தவருக்கு அது இல்லை. ஒத்துக்கொள்கிறேன். தோப்பு சப்ஸ்கிரிப்ஷனுக்குப் பொருந்தும், ஜிபிஎல்லுக்குப் பொருந்தாது. ஆபரேட்டர் பேச்சோடு அது நிற்கட்டும்.

2 நவம்பர், இரவு 9.50

பென்டிரைவ் விஷயத்தை முழுசாகச் சொல்லாமல் விட்டேன். முக்கியமானது.

உன் சர்வரில் ஓட்டி, கடைக்காரர் பிரௌசரில் பார்த்தால் நீ இமேஜை யாருக்கும் கொடுக்கவில்லை. அதையே பென்டிரைவில் குலசேகரம் கொண்டுபோய்க் கடைக்காரர் மெஷினில் போட்டால், அது விநியோகம். ஜிபிஎல் கடமைகள் அங்கே தொடங்குகின்றன. இமேஜுக்குள் பாஷ் இருக்கிறது, கோர்யூட்டில்ஸ் இருக்கிறது, இப்படி லினக்ஸின் அடிப்படை நிரல்கள் இன்னும் எத்தனையோ. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் உள்ள நிரல்களுக்கு, பைனரியை, அதாவது ஓடும் வடிவத்தை, கொடுக்கிறவர் மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது மூன்று வருஷத்துக்குக் கேட்டால் தருவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உன் பில்லிங் நிரலின் மூலத்தைத் தர வேண்டுமா என்று பயப்படாதே. பாஷோடு ஒரே இமேஜில் இருப்பதால் மட்டும் அது ஜிபிஎல் ஆகிவிடாது. அடித்தளத்தில் உள்ளவற்றுக்குத்தான் இந்தக் கடமை. யுனிவர்சல் பேஸ் இமேஜ்களுக்கு மூலநிரல் அடங்கிய சோர்ஸ் இமேஜைத் தனியாகவே வெளியிடுகிறார்கள், அதே பதிப்பு எண்ணோடு. நாங்கள் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதை இறக்கி ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிறோம். இன்னொரு பென்டிரைவோடு வந்து இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டும், அதற்காக வைத்திருக்கிறேன்.

ஏஜிபிஎல் நிரலை நீ மாற்றி ஓட்டினால் பிரௌசரில் பார்ப்பவருக்கும் மூலம் தர வேண்டும். உன் பட்டியலில் கிராஃபானா இருந்ததே, அது 2021 முதல் ஏஜிபிஎல். மாற்றாமல் ஓட்டுகிறாய் என்றால் கவலை இல்லை.

8 நவம்பர், மாலை 7.15

தம்பி இன்று நாகர்கோவில் வந்திருந்தார். செட்டிகுளம் பக்கம் ஒரு டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பார்த்தோம், ரசவடை தீரும்வரை.

பிடிஎஃப் வேலையைத் தனி கன்டெய்னராகப் பிரித்திருக்கிறார்கள். அது டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் மேல், லிப்ரே ஆபீஸ் டெபியன் ரெப்போவிலிருந்தே. பில்லிங் ஆப் யுனிவர்சல் பேஸ் 9 மேல், டிஎன்எஃப் பட்டியலில் எல்லா வரியும் யூபிஐ. லதா போய் நோட்டோ வந்துவிட்டது. "க்ஷ" கொஞ்சம் அகலமாக வருகிறது, ஒரு கடைக்காரர் பெயர் இரண்டு வரியாகிறது, அதைச் சரிபண்ண வேண்டும். சான்றிதழ் கொடுத்தவரிடம் சொல்லி அதை ரத்து பண்ணிவிட்டார்கள். ஓகேடியைப் பொய் சீக்ரெட்டோடு மறுபடி நிறுவியாயிற்று.

"பயந்தவன் சொன்னதுதான் சரி, அவன்கிட்ட சொல்லிட்டேன் அக்கா" என்றார்.

பாக்கி இருப்பது பழைய பென்டிரைவ்கள். ஐந்து கடையில் நாலு திரும்பி வந்துவிட்டது. ஐந்தாவது குலசேகரத்துக்கு மேலே, மழையில் ரோடு சரியில்லையாம். திங்கள்கிழமை அவர்கள் இரண்டு பேரும் பைக்கில் போகிறார்கள், புது இமேஜோடும் சோர்ஸ் டிஸ்கோடும்.